விலைப்பலகையின் கீழே: உழவர் சந்தையின் ஈர்ப்பு எதனால் ஆனது?

1. கேள்வி

மதுரை அண்ணா நகர், கோவை ஆர்.எஸ்.புரம், சேலம் சூரமங்கலம், பாளையங்கோட்டை மகாராஜ நகர் ஆகிய பகுதிகளில் வசிப்பவர்களிடம் காய்கறி எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். தெருமுனையில் கடை இருக்கும். தள்ளுவண்டி வாசலுக்கே வரும். கைப்பேசியில் தட்டினால் அரை மணியில் வீடு வந்து சேரும். ஆனாலும் காலையில் பையை எடுத்துக்கொண்டு உழவர் சந்தைக்கு நடப்பவர்கள் இன்னும் ஏராளம். கால் நூற்றாண்டாக இந்தப் பழக்கம் நிலைத்திருக்கிறது. எதனால்?

வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் மூன்று. விலை குறைவு, காய் புதிது, இடைத்தரகர் இல்லாததால் பணம் நேரே உழவருக்குப் போகிறது. சந்தையைப் பற்றி எழுதுவோர் நான்காவதாக ஒன்றையும் சேர்ப்பார்கள்: பழைய கிராமச் சந்தையின் நினைவை நகரத்தில் மீட்டுத் தரும் இடம் அது. நான்கிலும் உண்மை உண்டு. ஆனால் எதுவும் தனித்து நின்று விளக்கம் ஆகாது. பெரிய அங்காடிகள் சில நாட்களில் இதைவிடக் குறைந்த விலைக்கு வெங்காயமும் தக்காளியும் தருகின்றன. தள்ளுவண்டிக்காரர் கொண்டுவருவதும் அன்று அதிகாலை மண்டியில் இறங்கிய காய்தான். கிராமச் சந்தையின் நினைவே இல்லாத, நகரத்தில் பிறந்து வளர்ந்த தலைமுறையும் உழவர் சந்தைக்கு வருகிறது.

அந்த ஈர்ப்பை நிர்வாகம் உண்டாக்கியது என்பதே இக்கட்டுரையின் வாதம். அடையாள அட்டை, எடைக்கருவி, விலைப்பலகை ஆகிய மூன்றும் சேர்ந்து வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே ஒருவகை நம்பிக்கையை ஏற்படுத்துகின்றன. பேச்சும் தேர்வும் சுவையும் பழக்கமும் அந்த நம்பிக்கையின் மேல்தான் வளர்கின்றன. இதை இயல்பாக அமைந்த அழகு என்று எண்ணிவிட்டால், அது கெடும்போது ஏன் கெடுகிறது என்பதும் நமக்குப் புரியாமல் போகும்.

2. பழைய சந்தையின் தொடர்ச்சியா?

தமிழ் நகரத்துக்கும் சந்தைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. மதுரைக்காஞ்சி மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் விரித்துரைக்கிறது. சிலப்பதிகாரம் புகாரின் நாளங்காடியை மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே வைக்கிறது. வாரச் சந்தைகள் இன்றும் நடக்கின்றன. ஆகவே உழவர் சந்தையை இந்த மரபின் கடைசிக் கண்ணியாகக் காணும் ஆசை எழுவது இயல்பே.

ஆனால் பழைய சந்தையில் விற்றவர் எல்லாரும் உழவர் அல்லர். வணிகரும் உழவரும் கலந்தே உட்கார்ந்தனர். விலை ஆளுக்கு ஆள் மாறும். எடை விற்பவரின் தராசில்தான். யார் எங்கே கடை போடலாம் என்பதைச் சாதியும் குத்தகைதாரரும் தீர்மானித்த ஊர்கள் பல. பழைய சந்தைக்கு வேறு அழகுகள் இருந்திருக்கலாம். உழவர் சந்தையை வேறுபடுத்தும் கூறுகள் அங்கே இருந்ததில்லை.

இருபதாம் நூற்றாண்டில் நகரத்துக் காய்கறி மண்டிகளின் வழியே வந்தது. சென்னையில் கொத்தவால் சாவடி, 1996 முதல் கோயம்பேடு; தெற்கே ஒட்டன்சத்திரம், வடமேற்கே மலைக்காய்களுக்கு மேட்டுப்பாளையம். மண்டி முறையில் உழவருக்குக் கமிஷன், இறக்குக் கூலி, எடைக்கழிவு எனப் பல பிடித்தங்கள் உண்டு. விதைப்புக்கு முன்பே மண்டியில் முன்பணம் வாங்கியவர் விளைந்ததை அந்த மண்டிக்கே கொண்டுபோக வேண்டியிருக்கும். 1933ஆம் ஆண்டின் மதராஸ் வணிகப் பயிர் சந்தைச் சட்டமும் அதன் வழியில் வந்த ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களும் பருத்தி, நிலக்கடலை போன்ற பயிர்களையே முதன்மையாக மனத்தில் கொண்டவை. இரண்டு நாளில் வாடிவிடும் காய்க்கும் கீரைக்கும் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் எட்டவில்லை.

உழவர் சந்தை இந்த இடைவெளியை நிரப்ப வந்த ஏற்பாடு. அதன் உடனடி முன்னோடிகளும் தமிழ் மண்ணுக்கு வெளியேதான் இருக்கின்றன. 1987இல் பஞ்சாபில் ‘அப்னி மண்டி’ தொடங்கியது. 1999 சனவரியில் ஆந்திரத்தில் ‘ரைத்து பஜார்’ வந்தது. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல்வர் மு. கருணாநிதி முதல் உழவர் சந்தையைத் திறந்துவைத்தார். சரியாக ஓராண்டில், பல்லாவரத்தில், நூறாவது சந்தை திறக்கப்பட்டது. 2001இல் ஆட்சி மாறியபின் பல சந்தைகள் கவனிப்பாரற்றுப் போயின. 2006க்குப் பிறகு மீண்டும் உயிர்பெற்றன. இந்த ஏற்ற இறக்கமே ஒரு சான்று. மரபின் வலிமையால் மட்டும் இச்சந்தைகள் நின்றிருந்தால் ஆட்சி மாற்றம் அவற்றை இவ்வளவு பாதித்திருக்காது.

3. மூன்று கருவிகள்

முதலாவது அடையாள அட்டை. காய்கறி பயிரிடும் உழவரின் நிலத்தையும் பயிரையும் அலுவலர்கள் சரிபார்த்து, புகைப்படத்துடன் அட்டை வழங்குகிறார்கள். அட்டை உள்ளவரும் அவர் குடும்பத்தினரும் வாடகை இல்லாமல் கடை போடலாம். கடை யாருக்கும் சொந்தமில்லை. வருகிறவர்களுக்கு அன்றன்று ஒதுக்குவதே முறை. இரண்டாவது எடைக்கருவி. இதைச் சந்தை நிர்வாகமே காலையில் தந்து, வியாபாரம் முடிந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்கிறது.

மூன்றாவது விலைப்பலகை. விடியற்காலையில் வெளிச்சந்தையின் மொத்த விலையையும் சில்லறை விலையையும் விசாரித்து, அலுவலர்களும் உழவர்களும் கூடி அன்றைய விலையைக் குறிக்கிறார்கள். மொத்த விலையைவிடச் சுமார் 20 விழுக்காடு கூடுதலாகவும், வெளிச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 விழுக்காடு குறைவாகவும் இருக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்ட அந்தப் பட்டியலைப் படித்துவிட்டே பலரும் உள்ளே நடக்கிறார்கள். சந்தைக்குள் நுழையாத அக்கம்பக்கத்துக் கடைக்காரரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் தன் விலையைச் சொல்கிறார். சந்தையில் எதுவும் வாங்காதவருக்கும் அப்பலகை பயன்படுகிறது என்பதை நம் மதிப்பீடுகள் போதிய அளவு கணக்கில் எடுப்பதில்லை.

இவற்றோடு அதிகாலைப் பேருந்துகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கீரைக்கட்டுகளையும் கூடைகளையும் ஏற்ற மறுக்கும் நடத்துநர்தான் சிறு உழவரின் பெரிய தடை. சந்தைக்கென்றே கிராமங்களிலிருந்து விடப்பட்ட பேருந்துகள் இல்லாமல் தொடக்க ஆண்டுகளின் கூட்டத்தை நினைத்துப் பார்க்க முடியாது.

4. பேரம் விலகிய இடத்தில்

மானிடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ், மொராக்கோவின் செஃப்ரு நகரச் சந்தையை ஆராய்ந்து 1978இல் எழுதிய கட்டுரையில் ஒரு கருத்தை முன்வைத்தார். சந்தையில் மிகவும் அரிதான பொருள் தகவல்தான். எது நல்ல சரக்கு, எது நியாய விலை என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அந்தத் தெரியாமையைச் சமாளிக்க மக்கள் கைக்கொள்ளும் இரண்டு வழிகள் பேரமும் வாடிக்கையும். நம் ஊர்ச் சந்தைகளுக்கும் இது நன்றாகவே பொருந்தும். பேரம் பேசத் தெரிந்தவருக்கு ஒரு விலை, தெரியாதவருக்கு ஒரு விலை. பழகிய முகத்துக்கு ஒரு விலை, புது முகத்துக்கு வேறு விலை.

விலைப்பலகை இந்த நிலையை மாற்றுகிறது. விலை தெரிந்துவிட்டது, எடையும் சரி. அப்படியானால் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் பேச என்ன மீதி இருக்கிறது? சரக்கு மட்டும்தான். உழவர் சந்தையின் சுவையான பகுதி இங்கேதான் தொடங்குகிறது என்பது என் துணிபு.

வெண்டைக்காய்க் குவியலுக்கு முன் நிற்பவர்களைக் கவனித்தால் இது விளங்கும். நுனியை ஒடித்துப் பார்க்கக் கை போகும். “ஒடிக்காதீங்கம்மா, எல்லாம் பிஞ்சுதான்” என்று விற்பவர் தடுப்பார். “என்னிக்குப் பறிச்சதுக்கா?” என்றால் “நேத்துப் பொழுது சாயத்தான்” என்று பதில் வரும். அடுத்த கேள்வி தண்ணீரைப் பற்றியதாக இருக்கும், அல்லது மருந்து அடித்ததா என்று இருக்கும். கத்திரிக்காயின் காம்புத் தொப்பி பச்சையாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பார்கள். கீரைக்கட்டின் வேரில் ஈர மண் ஒட்டியிருந்தால் வேறு சான்று தேவையில்லை. பறித்தவரிடமே கேட்கிறோம் என்பதால் கேள்விக்குப் பொருள் இருக்கிறது. மண்டியில் எடுத்து விற்பவரிடம் “என்றைக்குப் பறித்தது?” என்று கேட்டால், அவர் நேர்மையானவராக இருந்தாலும் அவரால் பதில் சொல்ல இயலாது.

இந்தப் பேச்சின் வழியாக அறிவும் கைமாறுகிறது. அரைக்கீரைக்கும் சிறுகீரைக்கும் வேறுபாடு தெரியாமல் வரும் புதுக் குடித்தனக்காரர்கள் அதைக் கற்றுக்கொள்ளும் இடம் கீரைக்காரரின் சாக்குவிரிப்பு. நாட்டுத் தக்காளி ரசத்துக்கு, கலப்பினத் தக்காளி குழம்புக்கு என்பது போன்ற பரிந்துரைகள் ஓயாமல் நடக்கின்றன. பருவமும் இங்கே கண்ணில் படும். பொங்கலை ஒட்டிய வாரங்களில் மகாராஜ நகர்ச் சந்தைக்குப் போனால் சிறுகிழங்கு குவிந்திருக்கும். மண் அப்பிய அந்தக் கருப்புக் கிழங்கைத் தேய்த்துத் தோலெடுக்கும் வழியை விற்பவரே சொல்லித் தருவார். திருநெல்வேலிக்காரர்களுக்கு அது இல்லாமல் பொங்கல் இல்லை. ஆண்டு முழுவதும் ஒரே காய்களை அடுக்கிவைக்கும் குளிரூட்டிய அங்காடியில் இந்தக் காலவுணர்வு கிடைக்காது.

ஒரு மறுப்பையும் இங்கே எதிர்கொள்ள வேண்டும். எல்லாருக்கும் ஒரே விலை என்றால் நல்ல காய் விளைவித்தவருக்கு என்ன ஊக்கம்? பொருளியல் நோக்கில் இது நியாயமான கேள்வி. தரம் பார்த்து இரண்டு விலை எழுதும் வழக்கம் சில காய்களுக்கு உண்டு; ஆனால் பெரும்பாலும் விலை செய்ய வேண்டிய வேலையை இங்கே நேரம் செய்கிறது. நல்ல கத்திரிக்காய் ஏழு மணிக்குள் தீர்ந்துவிடும். சுமாரானது பத்து மணிவரை காத்திருக்கும். பிறகு பலகை விலைக்கும் கீழே இறங்கும். அதிகாலையில் வருபவர் தரத்தையும், உச்சியில் வருபவர் மலிவையும் பெறுகிறார்கள். நல்ல காய் கொண்டுவந்த உழவர் முன்னதாகவே விற்று முடித்து, வெயில் ஏறுமுன் வயலுக்குத் திரும்புகிறார். அவருக்குக் கிடைக்கும் பரிசு அந்த நேரம்தான். அதைச் சிறிது என்று சொல்ல மாட்டேன்.

5. உழவரின் கணக்கு

இந்திய ரிசர்வ் வங்கி 2024இல் வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கை, நுகர்வோர் தரும் ஒரு ரூபாயில் உழவருக்குச் சேரும் பங்கை மதிப்பிட்டது: தக்காளியில் சுமார் 33 விழுக்காடு, வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. மூன்றில் இரண்டு பங்கு வழியிலேயே கரைகிறது. உழவர் சந்தையை ஆதரிப்போர் இந்த இடைவெளியைச் சுட்டி, இங்கே முழு ரூபாயும் உழவருக்கே என்பார்கள். இந்த வாதம் பாதிதான் சரி. இடைத்தரகர் விலகினாலும் இடைவேலை விலகுவதில்லை; ஏற்றுவது, கொண்டுவருவது, தரம் பிரிப்பது, உட்கார்ந்து விற்பது எல்லாம் உழவர் குடும்பத்தின் தலையில் வந்து சேர்கின்றன.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு காயின் மொத்த விலை கிலோ 30 ரூபாய் என்க. மண்டியில் பத்து விழுக்காடு கமிஷன் போனால் உழவர் கைக்கு 27 ரூபாய். உழவர் சந்தையின் வழிகாட்டல்படி விலை 36 ரூபாய். வெளிச் சில்லறை விலை 42 ரூபாயை ஒட்டி இருக்கும். வாங்குபவருக்குக் கிலோவுக்கு 6 ரூபாய் மிச்சம். உழவருக்கு 9 ரூபாய் கூடுதல். 50 கிலோ விற்றால் 450 ரூபாய். இது லாபமா, கூலியா? முதல் நாள் மாலை பறித்து, நள்ளிரவு கடந்து எழுந்து, பகல்வரை உட்கார்ந்து விற்பதற்கான கூலி என்றே கொள்ள வேண்டும். கொண்டுவரும் செலவையும் கழித்தால் ஒருவரின் நாட்கூலியே அதில் அடங்குமா என்பது ஐயம்.

அப்படியிருந்தும் ஏன் வருகிறார்கள்? மண்டி விலை திடீரென அடிமட்டத்துக்குப் போகும் நாட்களில் சந்தை ஒரு காப்பு. தினமும் கையில் ரொக்கம் புரள்வது இன்னொரு காரணம். மண்டிப் பணம் வாரம் கழித்து வரும், முன்பணத்தில் கழிந்தும் போகும். மூன்றாவது காரணத்தைக் கீரை பயிரிடுவோரிடம் காணலாம். கால் ஏக்கரில் பாத்தி பிரித்து நான்கைந்து வகைக் கீரை போடும் குடும்பத்துக்கு மண்டியில் இடமே இல்லை. அவ்வளவு சிறிய அளவை ஏலம் போட யாரும் காத்திருப்பதில்லை. சந்தையின் உண்மையான பயனாளிகள் இவர்கள்தான். விற்பனையில் உட்காருவோரில் பெண்கள் மிகுதி. வயலில் அவர்கள் செய்யும் உழைப்புக்குத் தனிக் கணக்கு இருந்ததில்லை. சந்தையில் விற்ற காசு முதலில் அவர்கள் சுருக்குப்பையில் விழுகிறது. அது முழுவதும் அவர்களிடமே தங்குகிறது என்று சொல்ல முடியாது. ஆயினும் எவ்வளவு வந்தது என்று அவர்களுக்குத் தெரியும்.

மேலை நாடுகளோடு ஒப்பிடுகையில் இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். நியூயார்க்கில் 1976இல் தொடங்கிய ‘கிரீன்மார்க்கெட்’, பிரிட்டனின் பாத் நகரில் 1997இல் தொடங்கிய உழவர் சந்தை ஆகியவற்றில், வாங்குபவர் நல்ல விளைபொருளுக்காகக் கூடுதல் விலை தரவும் ஒப்புகிறார். நம் நகரங்களில் நடக்கும் இயற்கை விளைபொருள் சந்தைகள் அந்த வழியை ஒட்டியவை. இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வாரின் தாக்கத்தில் உருவானவை அவற்றில் பல. அவற்றின் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆட்டோ ஓட்டுநரும் வங்கி அதிகாரியும் ஒரே குவியலில் கைவிட்டுப் பொறுக்கும் காட்சியை உழவர் சந்தையில்தான் காண முடியும்.

6. கெடும் வழிகள்

ஈர்ப்பு நிர்வாகத்தால் ஆனது என்றால், நிர்வாகம் தளரும்போது அதுவும் தளர வேண்டும். நடப்பதும் அதுவே. சந்தைகளைப் பற்றி நெடுங்காலமாக எழும் முறையீடு, வியாபாரிகள் உழவர் பெயரில் கடை போடுகிறார்கள் என்பது. வேறொருவரின் அட்டை, பயிர் போடாத நிலத்துக்குப் பெற்ற அட்டை என வழிகள் பல. ஒரே கடையில் மலைக் கேரட்டும் சமவெளிப் புடலையும் பெருவெங்காயமும் அடுக்கியிருந்தால் அது மண்டிச் சரக்கு என்று பழகிய கண்ணுக்குத் தெரிந்துவிடும். மலைக்காய்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு, அதற்கு வெளியே இந்தக் கலப்பு நடக்கும்போது “என்றைக்குப் பறித்தது?” என்ற கேள்வி பொருளிழக்கிறது. விலை அப்படியே இருக்கலாம். சந்தை வெறும் கடைத்தெருவாகிவிடும்.

வாயிலுக்கு வெளியே சாலையோரம் விரிக்கப்படும் கடைகள் இன்னொரு சிக்கல். உள்ளே வரத் தோன்றாதவர்களை அவை மறித்துக்கொள்கின்றன. அகற்றச் சொல்லி உழவர்கள் கேட்பது நியாயம். அங்கே உட்கார்ந்திருப்போரும் ஏழைகளே என்பதும் உண்மை. எளிய தீர்வு இல்லாத இடம் இது.

அட்டையும் தராசும் பலகையும்தான் சந்தை, கட்டடம் அன்று என்பதற்கு 2020 ஒரு சோதனையாக அமைந்தது. கொரோனா பரவலால் அவ்வாண்டு மே மாதம் கோயம்பேடு மூடப்பட்டு, மொத்த விற்பனை திருமழிசைக்கு மாறியது. பல ஊர்களில் உழவர் சந்தைகள் பேருந்து நிலையங்களுக்கும் திறந்த மைதானங்களுக்கும் இடம்பெயர்ந்தன. கூரையும் மேடையும் இல்லாத இடத்திலும் அவை நடந்தன. அதே விற்பவர்களைத் தேடி அதே வாடிக்கையாளர்கள் வந்தார்கள்.

சென்னையின் நிலையும் இதோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. மதுரை, கோவை, சேலம் போன்ற நகரங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட சந்தைகள் செழித்திருக்க, மாநிலத்தின் மிகப்பெரிய நகரத்தில் உழவர் சந்தை புறநகர் விளிம்பிலேயே நின்றுவிட்டது. சென்னைவாசிகளுக்கு ரசனை குறைவு என்பது விடை ஆகாது. அதிகாலைப் பேருந்தில் கூடையோடு வந்து சேரும் தொலைவில் காய்கறி வயல்கள் இருக்க வேண்டும். சென்னை அவற்றை எப்போதோ மனைகளாக்கிவிட்டது.

மற்ற நகரங்களும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கின்றன. கோவையைச் சுற்றியும் மதுரையைச் சுற்றியும் புறவழிச்சாலைகளை ஒட்டிய தோட்டங்களில் கொடிப்பந்தல் பிரிக்கப்பட்டு எல்லைக்கல் நடப்படுகிறது. பழைய சந்தைகளைப் புதுப்பிக்கவும் புதியன திறக்கவும் 2021இல் தாக்கலான தமிழ்நாட்டின் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கை முதல் அறிவிப்புகள் வருகின்றன, வரவேற்க வேண்டியவையே. ஆனால் அவை மேடைக்கும் கூரைக்கும் ஒதுக்கும் பணத்தால் கீரைப் பாத்தியைக் காப்பாற்ற முடியாது. நகர வளர்ச்சித் திட்டம் வகுப்போர், ஒவ்வொரு சந்தைக்கும் எந்தெந்தக் கிராமங்களிலிருந்து காய் வருகிறது என்ற பட்டியலைச் சந்தை அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டும். அட்டைகளில் ஊர்ப் பெயர் இருக்கிறது. அந்த நிலங்களை வரைபடத்தில் குறிப்பதற்குப் புதிய கணக்கெடுப்பு தேவையில்லை. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் வழங்கும் அலுவலகம் கையெழுத்திடுமுன் அந்த வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்ற விதியும் வர வேண்டும்.